எங்க மண்ணை நாங்களே காட்டுறோம்!
ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களும் சுற்றுலாவும்



ஆஸ்திரேலியான்னு சொன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது கிரிக்கெட். அடுத்தது கங்காரு. ஆனால் அந்த நாட்டின் முதல் சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டால் நம்மில் பல பேருக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் 1788-ல் கப்பலில் போய் இறங்குவதற்கு முன்னால் 60,000 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்து வருபவர்கள் பழங்குடி மக்கள். அவர்களிடையே 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி எல்லை, தனிச் சட்டம், தனிச் சடங்கு. 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 8 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்களைப் பழங்குடியினர் என்று பதிவு செய்தார்கள். அதாவது அந்த நாட்டில் 100 பேருக்கு 3 பேர்.

இந்த மக்கள் இப்போது தங்கள் மண்ணையும் பண்பாட்டையும் வெளியூர்க்காரர்களுக்குத் தாங்களே காட்டி வருமானம் பார்க்கிறார்கள். அதில் பெண்களின் பங்கு பெரியது. அவர்கள் எதைக் காட்டுகிறார்கள், எதைக் காட்ட மறுக்கிறார்கள், பணம் யார் கைக்குப் போகிறது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

நிலம் போனதும் திரும்பியதும்

வெள்ளையர்கள் வந்தபோது "இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்று முடிவு கட்டினார்கள். குடியிருந்தவர்களிடம் ஒப்பந்தமும் இல்லை, விலையும் இல்லை. மக்கள் துரத்தப்பட்டார்கள், பல இடங்களில் கொல்லப்பட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள், பழங்குடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். இதற்காக 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி அப்போதைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

நிலம் தங்களுடையது என்பதை நிரூபிக்க மக்கள் நெடுங்காலம் போராடினார்கள். 1992-ல் மாபோ வழக்கில் உயர்நீதிமன்றம் (அங்கே அதுதான் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்) "யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்பது தவறு, பழங்குடி மக்களுக்கு அங்கே உரிமை இருந்தது" என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே அதற்கென ஒரு சட்டம் வந்தது.

சுற்றுலா பற்றிப் பேசும்போது நிலத்தைப் பற்றி ஏன் சொல்லணும்? நிலம் கையில் இருந்தால்தான் "வாங்க"ன்னு கூப்பிடவும் முடியும், "இங்கே வராதீங்க"ன்னு சொல்லவும் முடியும். நிலம் கையில் இல்லாதவரை அவர்கள் வேறு யாரோ நடத்தும் வியாபாரத்தில் வேடிக்கைப் பொருளாகத்தான் நின்றார்கள்.

உலுரு: ஒரு பாறை, ஒரு முடிவு

ஆஸ்திரேலியாவின் நடுவில், செம்மண் பாலைவனத்தில், 348 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை எழுந்து நிற்கிறது. பெயர் உலுரு. பக்கத்தில் இருக்கிற பெரிய ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சாலை வழியாக சுமார் 450 கிலோமீட்டர் போக வேண்டும். 1873-ல் ஒரு வெள்ளைக்கார அளவையாளர் அதற்கு 'ஏயர்ஸ் ராக்' என்று பெயர் வைத்தார். அந்த மண்ணின் மக்களான அனாங்குகளுக்கு அது எப்போதும் உலுருதான்.

அனாங்குகளுக்கு அது வெறும் கல் இல்லை. பாறையில் இருக்கிற ஒவ்வொரு குகை, வெடிப்பு, நீர்ச்சுனைக்கும் ஒரு கதை உண்டு. உலகம் உருவான காலத்தில் முன்னோர்கள் நடந்த பாதை, செய்த நன்மை தீமை எல்லாம் அந்தக் கதைகளில் இருக்கிறது. இதை அவர்கள் 'ஜுக்குர்ப்பா' என்கிறார்கள். கதை, சமயம், சட்டம் மூன்றும் சேர்ந்தது அது. எந்தக் கிழங்கு எந்தப் பருவத்தில் கிடைக்கும், தண்ணீர் எங்கே, யார் யாரைக் கல்யாணம் கட்டலாம், எல்லாமே அதில் அடக்கம். சில இடங்கள் பெண்களுக்கு மட்டும் உரியவை. சில இடங்கள் ஆண்களுக்கு மட்டும். அந்தப் பகுதிகளில் போட்டோ எடுக்க வேண்டாம் என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்.

1985 அக்டோபர் 26-ஆம் தேதி உலுருவின் உரிமைப் பத்திரம் அனாங்குகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. தேசியப் பூங்காவாக நடத்த அரசுக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட வேண்டும். குத்தகையில் மக்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. பூங்காவை நடத்தும் நிர்வாகக் குழுவில் 12 பேர், அதில் 8 பேர் அனாங்குகள். நுழைவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 25 பங்கு அவர்களுக்கு.

அடுத்து வந்தது பெரிய பிரச்சினை. வந்தவர்கள் எல்லோரும் பாறை மேல் ஏறத்தான் வந்தார்கள். ஏறுவதற்கு வசதியாக 1964-லேயே இரும்புச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். ஏறுகிற அந்த வழியோ, மாலா என்ற முன்னோர்கள் நடந்த புனிதப் பாதை. அதோடு, வழுக்கி விழுந்தும் மாரடைப்பு வந்தும் 35-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். எங்க மண்ணுக்கு வந்தவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தத் துக்கம் எங்களுக்கும்தான் என்பது அனாங்குகளின் எண்ணம். "நாங்கள் ஏறுவதில்லை, நீங்களும் ஏறாதீர்கள்" என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டார்கள். தடை போடவில்லை, கேட்டுக்கொண்டார்கள்.

ஏறுவதை நிறுத்தினால் கூட்டம் குறையும், வருமானம் போகும் என்று பலர் பயமுறுத்தினார்கள். அதனால் 2010-ல் போட்ட நிர்வாகத் திட்டத்தில் ஒரு கணக்கு வைத்தார்கள். வருகிறவர்களில் ஏறுகிறவர்கள் நூற்றுக்கு 20 பேருக்குக் கீழே போனால் மூடலாம் என்று. அதற்குள் வேறு என்ன காட்டலாம் என்று யோசித்து, பாறையைச் சுற்றி நடப்பது, கதை கேட்பது, ஓவியம் பழகுவது என்று ஏற்பாடு செய்தார்கள். ஏறுகிறவர் எண்ணிக்கை தானாகக் குறைந்தது. 2017 நவம்பரில் நிர்வாகக் குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 2019 அக்டோபர் 26-ஆம் தேதி, நிலம் திரும்பி வந்த அதே நாளில், ஏறுவது நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. சங்கிலியையும் கழற்றிவிட்டார்கள்.

நிலம் கைக்கு வந்த நாளிலிருந்து இந்த முடிவு நடைமுறைக்கு வர 34 ஆண்டுகள் ஆனது. அவர்கள் சண்டை போடவில்லை, பின்வாங்கவும் இல்லை. மாற்று வழியைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டே பேசினார்கள்.

விருந்தாளிகள் என்ன பார்க்கிறார்கள்?

பாறையின் அடிவாரத்தைச் சுற்றிவர சுமார் 10 கிலோமீட்டர் நடை. வழியில் குகை ஓவியங்கள், நீர்ச்சுனை, பாட்டிமார்கள் தானியம் அரைத்த இடம் எல்லாம் உண்டு. இந்த இடங்களில் எல்லோரும் கேட்கக்கூடிய கதைகளை மட்டும் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு மட்டும் உரிய கதையைக் காசு கொடுத்தாலும் சொல்வதில்லை.

'மருக்கு' என்பது அனாங்குகளே சொந்தமாக வைத்திருக்கும் கலை நிறுவனம். மரத்தில் செதுக்கிய தட்டுகள், பல்லி, பாம்பு உருவங்கள், ஓவியங்கள் ஆகியவற்றை விற்கிறது. பயிற்சி வகுப்பும் நடத்துகிறது. மண்ணில் உட்கார்ந்து, விரலால் கோடு போட்டு, ஒரு ஓவியப் பெண் தன் மொழியிலேயே விளக்குவார். பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்வார். லாடம் போல வளைந்த கோடு போட்டால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். வட்டத்துக்குள் வட்டம் போட்டால் நீர்நிலை அல்லது தங்குமிடம். நம்ம கோலம் மாதிரி புள்ளி இருக்கேன்னு அழகுக்காகப் போடுறதுன்னு நினைக்கக் கூடாது. அது படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு எழுத்து. ஒரு குடும்பத்துக்கு உரிய கதையை இன்னொரு குடும்பம் அனுமதி இல்லாமல் வரையக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

நாட்டின் வடக்குக் கோடியில் ஆர்ன்ஹெம் நிலம் என்ற பகுதி இருக்கிறது. யோல்ங்கு மக்கள் அங்கே இருக்கிறார்கள். நினைத்தவுடன் யாரும் உள்ளே போய்விட முடியாது. நில மன்றத்திடம் அனுமதிச் சீட்டு வாங்கணும். யோல்ங்கு மக்கள் நடத்தும் 'லிர்வி' என்ற சுற்றுலா நிறுவனம் விருந்தாளிகளைக் கடலோரக் குடியிருப்புகளுக்கு அழைத்துப் போகிறது. பெண்களுக்கு மட்டும் என்று தனிப் பயணமும் நடத்தியிருக்கிறார்கள். தாழை இலையைக் கிழித்து, வேர்களைக் கொதிக்க வைத்துச் சாயமேற்றி, பை முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பழகலாம். பேச்சு, சிரிப்பு, மீன் சுடுவது எல்லாம் அதோடு சேர்ந்தே நடக்கும்.

தெற்கே விக்டோரியா மாநிலத்தில் 'பட்ஜ் பிம்' என்ற இடம். அங்கே குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களை அடுக்கி வாய்க்காலும் குட்டையும் கட்டி விலாங்கு மீன் வளர்த்தார்கள். அந்த ஏற்பாடு 6,600 ஆண்டுகள் பழையது. "பழங்குடிகள் அலைந்து திரிந்தவர்கள், ஒரு இடத்தில் நிலைத்து எதையும் கட்டாதவர்கள்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் தப்பு என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி. 2019-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

அந்த மண்ணின் போராட்டத்தில் இரண்டு பெண்களை மறக்கக் கூடாது. சான்ட்ரா ஓனஸ், கிறிஸ்டினா பிராங்க்லண்ட். 1980 வாக்கில் அவர்கள் பகுதியில் ஒரு பெரிய அலுமினிய நிறுவனம் ஆலை கட்ட வந்தது. முன்னோர்களின் அடையாளங்கள் அழிந்துவிடும் என்று இருவரும் வழக்குப் போட்டார்கள். "உங்களுக்கு வழக்குப் போடவே உரிமை இல்லை" என்று கீழ் நீதிமன்றம் அனுப்பிவிட்டது. அவர்கள் விடவில்லை. 1981-ல் உயர்நீதிமன்றம் "இவர்களுக்கு உரிமை உண்டு" என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்த முயற்சிகளால் 1987-ல் ஏரிப் பகுதி நிலம் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. இன்று விருந்தாளிகள் அந்த மக்களின் வழிகாட்டிகளோடு அங்கே நடக்கிறார்கள் என்றால் அதற்கு அந்த இரண்டு பெண்களும் காரணம்.

புல்லில் பின்னிய தொழில்

இப்போது நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயத்துக்கு வருவோம்.

1970-களின் கடைசியில் பாலைவன மக்கள் நில உரிமைக்காகப் போராடிக் கொண்டிருந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரிகள், வக்கீல்கள் எல்லாம் ஆண்களிடம்தான் பேசினார்கள். "எங்களுக்கும் நிலம் உண்டு, எங்களுக்கும் கதை உண்டு, எங்களை ஏன் கேட்கலை?" என்று பெண்கள் எழுந்தார்கள். 1980-ல் தங்களுக்கென ஒரு பெண்கள் மன்றம் அமைத்தார்கள். மூன்று இனங்களின் பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்து 'என்.பி.ஒய். பெண்கள் மன்றம்' என்று பெயர். மூன்று மாநிலங்களின் எல்லைகள் சந்திக்கும் சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது வேலை செய்கிறது. தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் பெரிய பரப்பு! குடும்ப வன்முறை, குழந்தைகளின் ஊட்டச்சத்து, முதியோர் நலம் என்று எல்லாவற்றையும் கையில் எடுத்தார்கள்.

அந்த மன்றம் 1995-ல் பாப்புலன்குஜா என்ற ஊரில் கூடை முடையும் பயிற்சி ஒன்றை நடத்தியது. பிள்ளைகளை விட்டு வெளியூர் போகாமல், இருக்கிற இடத்திலேயே பெண்களுக்கு ஒரு வருமானம் வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தப் பெண்களுக்கு நார் வேலை புதிதல்ல. தலையில் மரத் தட்டு சுமக்கும்போது கீழே வைத்துக்கொள்ள வளையம் பின்னுவார்கள். நம்ம ஊர் சும்மாடுதான்! அங்கே அதன் பெயர் 'மங்குரி'. அந்தக் கை, கூடை முடைய சீக்கிரமே பழகிக்கொண்டது.

இப்படிப் பிறந்ததுதான் 'ஜான்பி பாலைவன நெசவாளர்கள்'. ஜான்பி என்றால் புல். இன்று 400-க்கும் மேற்பட்ட பெண்கள் இதில் இருக்கிறார்கள். காட்டுக்குப் போய்ப் புல் அறுப்பார்கள். போகிற போக்கிலேயே தேன் எறும்பு தோண்டுவார்கள், காட்டுத் தக்காளி பறிப்பார்கள், பேரப்பிள்ளைகளுக்கு இடங்களின் கதையைச் சொல்லுவார்கள். புல்லைச் சுருட்டி, வண்ண நூல், ஈமு பறவையின் இறகு வைத்துத் தைப்பார்கள். கூடையோடு நிற்கவில்லை. நாய், பறவை, மனித உருவம் எல்லாம் செய்தார்கள். 2005-ல் ஒரு முழு அளவு டொயோட்டா வண்டியையே புல்லால் பின்னி, நாட்டின் முதன்மையான பழங்குடிக் கலைப் பரிசை வாங்கிவிட்டார்கள்!

விற்பனை நடக்கும் முறையைக் கவனியுங்கள். மன்றத்தின் பணியாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வண்டி ஓட்டி ஒவ்வொரு ஊருக்கும் போய்ப் பொருளை வாங்குகிறார்கள். வாங்கும்போதே செய்தவர் கையில் பணம் கொடுத்துவிடுகிறார்கள். விற்ற பிறகு தருகிறோம் என்ற பேச்சு இல்லை. சந்தையைப் பார்ப்பது, விலை வைப்பது, கண்காட்சிக்கு அனுப்புவது எல்லாம் அமைப்பின் பொறுப்பு. லாபம் பெண்களின் வேலைக்கே திரும்புகிறது. ஒவ்வொரு பொருளோடும் செய்தவர் பெயரும் ஊரும் போகும்.

போலிகளும் இடைத்தரகர்களும்

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். சுற்றுலாக் கடைகளில் விற்கும் பழங்குடிப் பாணிப் பொருட்களில் ஏராளமானவை வெளிநாட்டில் செய்த போலிகள். ஒரு நிறுவனம் இந்தோனேசியாவில் செய்த பூமராங்கு, ஊதுகுழல் போன்ற 18,000-க்கும் மேற்பட்ட பொருட்களைப் பழங்குடி மக்கள் கையால் செய்தது போலத் தோன்றும்படி விற்றது. 2019-ல் நீதிமன்றம் அதற்கு 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஆனால் அந்த நிறுவனம் அதற்கு முன்பே கடையை மூடும் நிலைக்கு வந்துவிட்டது.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 1977-ல் ஒரு வங்கி பழங்குடி ஓவியம் ஒன்றை 1,200 டாலருக்கு வாங்கியது. அதே ஓவியம் 2007-ல் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வரைந்தவர் அதற்குள் காலமாகிவிட்டார். மறுவிற்பனை லாபத்தில் அவர் குடும்பத்துக்குப் பங்கு கிடைக்கச் சட்டத்தில் அப்போது வழியில்லை. இது போன்ற அநியாயங்களைப் பலரும் பேசியபின் 2010-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1,000 டாலருக்கும் அதற்கு மேலும் மறுவிற்பனையாகும் ஓவியத்துக்கு, வரைந்தவருக்கு நூற்றுக்கு 5 பங்கு தர வேண்டும்.

உலுரு பக்கத்திலும் குறை உண்டு. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோன காலத்திலும், பூங்காவுக்குள்ளேயே இருக்கும் முட்டிஜுலு என்ற அனாங்கு ஊரில் வீட்டு வசதிக்கும் வேலைக்கும் மக்கள் சிரமப்பட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் தங்கும் பெரிய விடுதி வளாகம் நீண்ட காலம் வெளியார் கையில் இருந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் போதாது, அந்தப் பணம் ஊருக்குள் இறங்குவதற்கு வழி வெட்டணும் என்பதை இது காட்டுகிறது. 2011-ல் பழங்குடி மக்களுக்கான அரசு நில நிறுவனம் அந்த வளாகத்தை 30 கோடி டாலருக்கு வாங்கியது. பழங்குடி இளைஞர்களுக்கு அங்கே தொழிற்பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள்.

2020 ஆகஸ்டில் இன்னொரு சோதனை. கொரோனா பரவியிருந்த பிரிஸ்பேன் நகரத்திலிருந்து விமானத்தில் ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், முட்டிஜுலு மக்கள் பூங்கா வாசலை மறித்தார்கள். எங்கள் முதியோர் உயிர் முக்கியம் என்றார்கள். பூங்கா மூடப்பட்டது. வருமானம் வேண்டும்தான். ஆனால் எந்த இடத்தில் கதவைச் சாத்தணும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

விருந்தாளிக்கும் பொறுப்பு உண்டு

அங்கே போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில பழக்கங்கள்:

• பல நிகழ்ச்சிகள் அந்த மண்ணுக்கு உரியவர்கள் வரவேற்ற பிறகுதான் தொடங்கும். சில இடங்களில் பச்சிலையைத் தீயில் போட்டுப் புகை காட்டுவார்கள். அது மனதையும் இடத்தையும் சுத்தப்படுத்துவது.

• கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது.

• பல இனங்களில் இறந்தவர் பெயரைச் சில காலம் சொல்ல மாட்டார்கள், படத்தையும் காட்ட மாட்டார்கள். அது துக்கத்துக்குக் கொடுக்கும் மரியாதை.

• கல், மண் எதையும் எடுத்துப் போகக் கூடாது. உலுருவிலிருந்து கல் எடுத்துப் போன பலர், பிறகு மனசு உறுத்தி மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள்!

• பொருள் வாங்கும்போது யார் செய்தது, எந்த ஊர், அவருக்கு எவ்வளவு போகும் என்று கேட்கணும். நேர்மையான கடைக்காரர் பதில் சொல்வார்.

நம்ம குழுவில் பேசுவதற்கு

இந்தக் கட்டுரையை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சத்தமாகப் படிக்கட்டும். பிறகு கீழே உள்ள கேள்விகளை எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.

1. ஏறுவதை உடனே தடை செய்யாமல், மாற்று வழி தயாரான பிறகு நிறுத்தினார்கள். இது சரியா? 34 ஆண்டு காத்திருப்பு அதிகமா?

2. பொருளை வாங்கும்போதே பணம் கொடுக்கும் ஜான்பி முறையை நடத்த, ஒரு கூட்டமைப்புக்கு என்னென்ன வேண்டும்? முதல் எங்கிருந்து வரும்? விற்காமல் தங்கிவிட்ட பொருளின் நஷ்டத்தை யார் தாங்குவது?

3. நமக்குத் தெரிந்த கைவேலை, பாட்டு, வைத்தியம் இவற்றில் வெளியாருக்கு விற்கலாம் என்று எதைச் சொல்வோம்? எவ்வளவு விலை தந்தாலும் இது எங்க வீட்டோட இருக்கட்டும் என்று எதைச் சொல்வோம்?

மூன்றாவது கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் வரும், வாக்குவாதமும் வரும். வரட்டும். மூத்த உறுப்பினர்களை முதலில் பேச விடுங்கள். பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது வந்து "இதைக் காட்டுங்க, இதை விலைக்குக் கொடுங்க" என்று கேட்டால், பதிலை அப்போது தேட வேண்டியிருக்காது.